புதிய போர் விளையாட்டுகள்: கண்டதும் கருதியதும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



குறளையும் சிலம்பையும் பற்றிய உரைகளைக் கேட்டுப் பழகிய அவை இது. இவ்வாண்டு, 'வீடியோ கேம்' என்று நம் பிள்ளைகள் வழங்கும் விளையாட்டுகளைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. சங்கத்தின் படிப்பறையில் மாலை வேளைகளில் இவ்விளையாட்டுகளை ஆட இடம் தரவேண்டும் என்று இளைஞர்கள் ஒரு விண்ணப்பம் தந்தார்கள். எக்காரணத்தாலும் தரலாகாது என்று பெற்றோர் சிலர் மற்றொரு விண்ணப்பம் தந்தார்கள். இரண்டும் செயற்குழுவின் முன் காத்திருக்கின்றன.

வழக்கைக் கேளாமல் தீர்ப்பு வழங்குதல் நடுநிலை ஆகாது. ஆதலால், அண்மை ஆண்டுகளில் வெளிவந்த போர் விளையாட்டுகள் சிலவற்றை நம் குடியிருப்புப் பிள்ளைகள் ஆட, அருகில் அமர்ந்து கண்டோம். சிலவற்றை நாமே ஆடியும் பார்த்தோம். நரை கண்ட விரல்களுக்கு அது எளிதாக இல்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? எனினும் முதற்பார்வையில் தோன்றியவற்றை ஒளிக்காமல் இங்கே எடுத்துரைக்கிறோம்.

விளையாட்டு என்றாலே வீண்பொழுது என்று முகஞ்சுளிப்பது தமிழ் மரபு அன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் இடங்கள் நான்கினைக் கூறுமிடத்து, விளையாட்டையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். போரைப் பாடுவதும் நமக்குப் புதிது அன்று. ஆநிரை கவரும் வெட்சி, மதில் வளைக்கும் உழிஞை, மதில் காக்கும் நொச்சி, இரு படையும் எதிர்நின்று பொரும் தும்பை எனப் போரைத் திணை வகுத்துப் பாடிய இனம் நம்முடையது. ஆகவே, 'போர் வந்துவிட்டதே' என்பதற்காக மட்டும் நாம் இவ்விளையாட்டுகளைத் தள்ளிவிட முடியாது. எத்தகைய போர், எதன்பொருட்டுப் போர், போரின்பின் என்ன என்று கேட்பதே நமக்கு உரிய முறை.

இக்கலையின் தொடக்க காலத்திலேயே போர் அதில் இடம்பெற்றது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இளைஞர் சிலர், கணிப்பொறி ஒன்றில், விண்கலங்கள் இரண்டு ஒன்றையொன்று சுட்டு வீழ்த்தும் ஆட்டத்தை அமைத்தனர். 'ஸ்பேஸ்வார்' என்பது அதன் பெயர். 1978-இல் ஜப்பானில் நிஷிகாடோ என்னும் பொறியாளர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் ஆட்டத்தைப் படைத்தார். அதில் பகைவர் வரிசை வரிசையாக இறங்கி வருவர். அவர்களுள் பலர் வீழ்ந்து சிலரே எஞ்சும்போது அவர்களின் வேகம் மிகும். இது முதலில் திட்டமிட்டு அமைந்ததன்று. திரையில் வரையவேண்டிய உருவங்கள் குறையக் குறைய, இயந்திரத்தின் சுமை குறைந்து, எஞ்சியவை விரைந்து ஓடின. அவ்விரைவே ஆடுவோரின் நெஞ்சைப் படபடக்கச் செய்தது; அதனால் அதை அப்படியே விட்டுவிட்டார். பிள்ளைகள் எழுந்துவர மனமின்றி அமர்ந்திருப்பது ஏன் என்னும் வினாவிற்கு விடையின் ஒரு பகுதி இங்கே கிடைக்கிறது. வெற்றி நெருங்கும்போது களம் கடுமையாகிறது. தோற்றாலோ மறுநொடியே மீண்டும் தொடங்கலாம். வயலில் தோற்றவனுக்கு அடுத்த பருவம் வரவேண்டும். தேர்வில் தோற்றவனுக்கு அடுத்த ஆண்டு வரவேண்டும். இங்கே ஐந்து நொடி போதும்.

இனி, நாம் கண்ட ஆட்டங்களுக்கு வருவோம்.

முதலாவது, 'இண்டஸ்'. சிந்து நதியின் பெயர் தாங்கிய இவ்வாட்டம் 2024 அக்டோபரில் கைபேசிகளில் வெளியாயிற்று. ஆக்கியவர்கள் புனே நகரத்தைச் சேர்ந்த சூப்பர்கேமிங் நிறுவனத்தார். நம் அம்பர்நாத் நிலையத்தின் வழியே செல்லும் இருப்புப்பாதை கர்ஜத்தைக் கடந்து, மலைத்தொடரில் ஏறி, அந்தப் புனேயைத்தான் சென்று அடைகிறது. இதுகாறும் கொரியாவிலும் அமெரிக்காவிலும் ஆக்கியவற்றையே ஆடிவந்த நம் பிள்ளைகளுக்கு, அடுத்த ஊரில் ஆக்கிய ஆட்டம் என்பதே ஒரு பெருமிதமாக இருந்தது.

இவ்வகை ஆட்டத்தை 'பேட்டில் ராயல்' என்பர். பலர் ஒரு தீவில் இறங்குவர். கிடைத்த படைக்கலத்தை எடுத்துக்கொண்டு ஒருவரையொருவர் வீழ்த்துவர். நேரம் செல்லச் செல்லக் களம் சுருங்கும். இறுதியில் எஞ்சுபவரே வென்றவர். பப்ஜி என்ற பெயரை அறியாத வீடு நம் குடியிருப்பில் இல்லை. 2020 செப்டம்பரில் இந்திய அரசு அதன் கைபேசி வடிவத்தைத் தடை செய்தது. 2021 ஜூலையில் அது வேறு பெயருடன் மீண்டது. இண்டஸ் அதே வகையில், நம் நாட்டுக் கற்பனையைக் கொண்டு செய்த ஆட்டம். விர்லோக் என்னும் மிதக்கும் தீவு; யக்ஷர் என்னும் பழம்பெயர்; சிந்துவெளி நாகரிகம் அழியாமல் வளர்ந்து விண்ணகம் ஏறியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்னும் ஓர் எண்ணம். தூண்களிலும் வாயில்களிலும் நம் நாட்டுச் சாயலைக் காண்கையில் கண் மகிழ்கிறது. எஞ்சியவரே வென்றவர் என்பதோடு, இறுதிக் கட்டத்தில் காஸ்மியம் என்னும் பொருளைக் கைப்பற்றுவோரும் வெல்லலாம் என்பது இவர்கள் சேர்த்த புதுமை. ஒளிந்து கிடந்தே வெல்ல நினைப்பவனை அது வெளியே இழுத்துவிடுகிறது.

ஆயினும் ஓர் அமைப்பு நம் சிந்தனையை நிறுத்தியது. தன்னை வீழ்த்தியவனைப் பகைவன் என்று குறித்துவைத்து, பின்னர் அவனைத் தேடி வீழ்த்திப் பழிதீர்த்துக்கொள்ளும் வசதி இதில் உண்டு. வஞ்சினம் தமிழர்க்குப் புதியது அன்று. வஞ்சினக் காஞ்சி என்றே ஒரு துறை உண்டு. தலையாலங்கானத்துப் போருக்கு எழுந்த இளம்பாண்டியன் நெடுஞ்செழியன் வஞ்சினம் கூறினான். அவன் தன் பகைவர்க்கு மட்டுமா கெடுதி சூழ்ந்தான்? 'யான் வெல்லேனாயின் என் குடிகள் என்னைக் கொடியவன் என்று தூற்றுவாராக. புலவர் என் நாட்டைப் பாடாது ஒழிவாராக. இரப்போர்க்கு ஈயமுடியாத வறுமை என்னை வந்தடைவதாக' என்னும் பொருள்படத் தன்னையே பணயம் வைத்தான். தமிழ் வஞ்சினத்தில் வஞ்சினம் கூறுபவனுக்கும் ஒரு சுமை உண்டு. கைபேசியின் வஞ்சினத்திலோ சுமை ஏதும் இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இவ்வேறுபாட்டை நம் பிள்ளைக்கு நாம்தான் சொல்ல வேண்டும். ஆட்டம் சொல்லாது.

இரண்டாவது, சீன நாட்டின் கேம் சயன்ஸ் நிறுவனத்தார் 2024 ஆகஸ்டு 20-ஆம் நாள் வெளியிட்ட 'பிளாக் மித்: வூகாங்'. வெளிவந்த மூன்று நாளில் ஒரு கோடிப் படிகள் விற்ற பெரிய ஆட்டம் இது. இதன் கதை 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த 'மேற்கு நோக்கிய பயணம்' என்னும் சீனப் புதினத்திலிருந்து கிளைத்தது. அப்புதினம் எதைப் பற்றியது? பௌத்த நூல்களைத் தேடி இந்தியா நோக்கி வந்த துறவியைப் பற்றியது. அவருக்குத் துணை நின்ற குரங்கு வீரனைப் பற்றியது. அவ்வீரனின் வழியில் செல்லும் ஒரு குரங்காக, கையில் தண்டேந்தி, நாம் இவ்வாட்டத்தில் நடக்கிறோம்.

ஆட்டம் மிகக் கடுமையானது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் பெருந்தலைப் பூதம் ஒன்றிடம் பன்முறை தோற்றதைக் கண்டோம். ஒருமுறையும் அவன் சினங்கொள்ளவில்லை. "எப்படியப்பா பொறுத்துக்கொள்கிறாய்?" என்று கேட்டோம். "ஒவ்வொரு தடவையும் அது அடிக்கிறதுக்கு முன்னால எப்படி அசையுதுன்னு பாத்துக்கிறேன் மாமா" என்றான். இறுதியில் வென்றான். அல்ஜீப்ராக் கணக்கு இருமுறை தவறினால் ஏட்டை மூடிவிடுபவன் அவன் என்று அருகிலிருந்த அவன் தாயார் சொன்னார். பொறுமை பிள்ளையிடம் இல்லாமல் இல்லை, அம்மையீர்! அதை எங்கே செலவிடுவது என்பதே கேள்வி. தவறினால் ஏளனம் இல்லை, மீண்டும் முயல இடம் உண்டு என்னும் உறுதியை அவ்வாட்டம் அவனுக்குத் தருகிறது. நம் பள்ளிகளும் வீடுகளும் அதைத் தருகின்றனவா என்று நாம் நம்மைக் கேட்டுக்கொள்ளலாம்.

அதனினும் நம்மைக் கவர்ந்தது வேறொன்று. அவ்வாட்டத்தில் வரும் கோயில்களும் சிலைகளும் வெறுங் கற்பனை அல்ல. ஷான்சி மாநிலத்தின் தொன்மையான கோயில்கள் பலவற்றை நேரில் சென்று அளந்து, படம் பிடித்து, கணிப்பொறிக்குள் கொணர்ந்தனர். ஆட்டம் வெளிவந்தபின் அக்கோயில்களைக் காண மக்கள் திரண்டனர். ஓரிடத்தில் தலையிழந்த துறவி ஒருவர் மூன்று நரம்பு யாழை மீட்டி நாட்டார் கதைப்பாட்டு ஒன்றைப் பாடுகிறார். அது வடசீனத்து ஊர்ப்புறங்களில் இன்றும் வழங்கும் கலை. நம் தென்பாண்டி நாட்டு வில்லுப்பாட்டை ஒருவர் இப்படி உலகத்தின் காதுகளுக்குக் கொண்டுசென்றால் எப்படி இருக்கும்!

இதைக் கண்டபோது நம் ஊர்க் கோயிலை எண்ணாமல் இருக்க முடியவில்லை. சிலாஹார மன்னர் காலத்தில், 1060-இல் எழுந்தது என்று கல்வெட்டுச் சொல்லும் சிவாலயம் வால்துனி ஆற்றங்கரையில் நிற்கிறது. இவ்வூரின் பெயரே அவ்விறைவனின் பெயர். அதன் புறச்சுவர்ச் சிற்பங்களை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறார்கள்? ஷான்சியின் கோயில் மூலைகளை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை, நடைதூரத்தில் உள்ள கோயிலின் கதவைக் கண்டதில்லை. பழி ஆட்டத்தின்மீது மட்டும் அன்று. அழைத்துச் செல்லாத நம்மீதும்தான்.

மூன்றாவது, 2025 அக்டோபர் 2-ஆம் நாள் வந்த 'கோஸ்ட் ஆஃப் யோத்தே'. அமெரிக்க நிறுவனம் ஒன்று ஜப்பானைக் களமாகக் கொண்டு படைத்தது. காலம் 1603, இடம் இன்று ஹொக்கைதோ எனப்படும் வடபெருந்தீவு, தலைவி அத்சு என்னும் பெண். அவள் குடும்பத்தை அழித்து, அவளையும் எரியும் மரத்தில் குத்திவைத்துச் சென்ற அறுவரை ஒருவர்பின் ஒருவராகத் தேடிச் செல்கிறாள். இது வயது வந்தோர்க்கே உரியது என்னும் முத்திரை பெற்றது. ஆதலால் சிறுவர்களை விலக்கி, கல்லூரி மாணவர்களோடு அமர்ந்தே கண்டோம். பனியும் காற்றும் புல்வெளியும் ஓவியம்போல் விரிகின்றன. வாள்வீச்சின் இடையே அவள் ஷாமிசென் என்னும் நரம்புக்கருவியை எடுத்து மீட்டுகிறாள். அழகு மிகுதி, குருதியும் மிகுதி.

பழிவாங்கப் புறப்பட்ட பெண் என்றவுடன் தமிழ் நெஞ்சம் கண்ணகியை நினையாதிருக்குமா? மதுரையை எரித்த அவளும் தீக்கடவுளுக்கு ஓர் எல்லை வகுத்தாள். அறவோரையும் பசுவையும் பத்தினிப் பெண்டிரையும் முதியோரையும் குழந்தைகளையும் தீண்டாதே என்றாள். அக்காதைக்கு இளங்கோவடிகள் தந்த பெயர் வஞ்சின மாலை. உச்சச் சினத்திலும் எல்லை அறிந்தவளையே தமிழ்நிலம் தெய்வமாக்கிற்று. தோற்று ஓடுவோர்மீது வாளோங்காமையைத் தழிஞ்சி என்னும் துறையாக வைத்துப் பாராட்டியது புறப்பொருள் வெண்பாமாலை. களம் பட்டவனுக்கு நடுகல் எடுத்தனர் முன்னோர். தலைவனை இழந்த துயரைக் கையறுநிலையாகப் பாடினர். வெட்சி தொடங்கி வாகை வரை இவ்வாட்டங்களில் எல்லாம் உண்டு. கையறுநிலைக்குத்தான் பெரும்பாலும் இடம் இல்லை. வீழ்ந்தவன் மீண்டும் எழுவான் ஆதலின் அழுவதற்கு ஆள் வேண்டியதில்லை.

இவ்விடத்தில் நம் ஊரைப் பற்றி ஒரு சொல். அம்பர்நாத் படைக்கலத் தொழிலின் ஊர். இங்குள்ள படைக்கலத் தொழிற்சாலையில் உருக்கிய பித்தளைதான் தோட்டாவின் உறையாகிறது. 2021 அக்டோபரில் அத்தொழிற்சாலை வாரியத்தை மாற்றி ஏழு அரசு நிறுவனங்கள் ஆக்கினார்கள். பெயர்ப்பலகை மாறிற்று, உலையின் வெம்மை மாறவில்லை. நம்முள் பலர் அங்கும் அருகிலுள்ள இயந்திரக் கருவித் தொழிற்சாலையிலும் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர்கள். ஒரு தோட்டா உறை எத்தனை கை கடந்து வருகிறது, எத்தனை சோதனை கடந்து வருகிறது, அதில் ஒரு மயிரிழைப் பிழை என்ன செய்யும் என்று அறிந்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளை ஒரு மாலைப்பொழுதில் கைபேசியில் ஆயிரம் தோட்டாக்களைச் சுடுகிறான். ஒன்றுக்கும் எடை இல்லை, விலை இல்லை, விளைவு இல்லை. நம் தாத்தாக்கள் அப்பிள்ளையின் அருகே அமர்ந்து, 'இது எப்படிச் செய்யப்படுகிறது தெரியுமா?' என்று தொடங்கினால், அந்த எடையை அவன் கையில் வைத்தவர் ஆவர். எந்தத் தடையும் செய்ய முடியாத வேலை அது.

நான்காவது, சற்றே பழையது. ஆயினும் போர் விளையாட்டில் எல்லையும் பாசமும் இருக்கலாம் என்பதற்குச் சான்றாக அதனையும் ஆடிப் பார்த்தோம். 2020-இல் புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட 'ராஜி'. 2017-இல் பொதுமக்களிடம் பொருள் திரட்ட முயன்று அது கைகூடாமற் போயும், அவர்கள் விடாது உழைத்து முடித்தனர். கழைக்கூத்துப் பெண் ராஜி. அவள் தம்பி கோலு. அசுரர் அவனைக் கவர்ந்து செல்ல, துர்க்கையும் திருமாலும் துணைசெய்ய, அக்காள் அவனை மீட்கப் புறப்படுகிறாள். இடையிடையே நிழற்பாவைக் கூத்தால் கதை சொல்லப்படுகிறது. பஹாரி ஓவியங்களின் வண்ணமும் இராசத்தானத்து அரண்மனைகளின் அமைப்பும் அதன் அழகு. நம் பெண் குழந்தைகள் இதை ஆர்வத்துடன் ஆடினார்கள். "அவ எதுக்குச் சண்டை போடுறா?" என்று கேட்டதற்கு, "தம்பிக்காக" என்று உடனே விடை வந்தது. இண்டஸ் ஆடியவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டபோது, "ஜெயிக்கிறதுக்கு" என்றார்கள். இவ்விரு விடைகளின் இடைவெளியில்தான் நாம் தேடும் அளவுகோல் இருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். அளவு மீறிய ஆட்டத்தை உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப்பட்டியலில் ஏற்றுக்கொண்டது; 2022 சனவரி முதல் அப்பட்டியல் நடைமுறையில் உள்ளது. ஆனால் ஆடுவோர் அனைவரும் நோயாளர் என்று அது கூறவில்லை. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்றெல்லாக் கடமைகளுக்கும் மேலாக அதனை வைத்தல், கேடு விளைவது தெரிந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து, பொதுவாக ஓராண்டளவு நீடித்து, வாழ்வைக் குலைத்தால்தான் நோய் என்கிறது. பரீட்சை முடிந்த மாலையில் இரண்டு மணி நேரம் ஆடியவனை நோயாளி என்று அழைக்காதீர்கள். உணவையும் உறக்கத்தையும் நட்பையும் மாதக்கணக்கில் இழந்தவனைச் சோம்பேறி என்றும் அழைக்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பணத்தைப் பற்றியும் விழிப்பு வேண்டும். இலவசம் என்று வரும் கைபேசி ஆட்டங்கள் உடை, படைக்கலத்தின் வண்ணம் முதலியவற்றை உள்ளே விற்றுத்தான் வாழ்கின்றன. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களோ வேறு. அவை சூதாட்டத்தின் உடன்பிறப்புகள். அவற்றைத் தடுக்கும் சட்டத்திற்கு 2025 ஆகஸ்டு 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். போட்டி விளையாட்டையும் பொழுதுபோக்கு விளையாட்டையும் அச்சட்டம் தனியே பிரித்து நிறுத்துகிறது. சட்டமே பகுத்தறிந்து நோக்கும்போது, நாம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி எறியலாமா?

இனி, இம்மேடைக்கே உரிய கேள்வி: தமிழ்.

நம் பிள்ளை பள்ளியில் ஆங்கிலம் பேசுகிறான். தெருவில் மராத்தியும் இந்தியும் பேசுகிறான். வீட்டில் தமிழில் கேட்ட கேள்விக்கு இந்தியில் விடை சொல்கிறான். சங்கம் நடத்தும் ஞாயிறு வகுப்பிற்கு வரும் எண்ணிக்கை நீங்கள் அறிந்ததே. ஆனால் இவ்விளையாட்டுகளைக் காணச் சென்ற இடத்தில் நாம் எதிர்பாராத ஒன்றைக் கேட்டோம். காதில் ஒலிவாங்கி மாட்டிய ஒரு பையன், திருநெல்வேலியிலுள்ள தன் மாமன் மகனோடு சேர்ந்து ஆடுகிறான். இருவரும் பேசுவது நல்ல நெல்லைத் தமிழ்! "ஏல, அந்தப் பக்கம் போவாத, ஆளு நிக்கான்!" என்று இவன் கத்துகிறான். அம்பர்நாத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. ஊருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செல்பவன். அவன் பாட்டி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். கடிதத்தாலும் தொலைபேசியாலும் நாம் காப்பாற்ற முயன்ற உறவை, ஓர் ஆட்டம் தன்னையறியாமலே காத்துக்கொண்டிருக்கிறது. இதைத் துண்டித்துவிட்டு ஞாயிறு வகுப்பில் இலக்கணம் கற்பிப்பதால் யாருக்கு ஊதியம்?

போர் விளையாட்டு அல்லாத ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 2023 ஜூலையில் கனடாவின் விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 'வெண்பா' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. 1980-களில் தமிழகத்திலிருந்து டொராண்டோ சென்று குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். தாய்வழி வந்த சமையற்குறிப்பேடு கிழிந்து அழிந்திருக்கிறது. விடுபட்டதை ஊகித்து இட்டலியும் புட்டும் இரசமும் ஆக்குவதே ஆட்டம். வளர்ந்த மகன் ஒருநாள் அந்த ஏட்டைக் கையிலெடுத்து, தமிழெழுத்தைத் தடுமாறிப் படித்துச் சமைக்க முயல்கிறான். அங்கே வாள் இல்லை, துப்பாக்கி இல்லை. ஆயினும் இதனைக் கண்ட தாய்மார் பலர் கண் கலங்கினர். அக்குடும்பம் டொராண்டோவில் இருந்தால் என்ன, அம்பர்நாத்தில் இருந்தால் என்ன? 2024-இல் பிரித்தானியத் திரைக்கலைக் கழகமாகிய பாஃப்டா, சிறந்த முதற்படைப்பு என்று அதற்கு விருதளித்தது. புலம்பெயர்ந்த தமிழர் வாழ்வு உலக அரங்கில் ஆட்டமாக ஏற முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.

அப்படியாயின் எஞ்சி நிற்பது என்ன? சீனர் தம் பழங்கதையை எடுத்தனர்; ஜப்பானியர் வரலாற்றை அமெரிக்கர் எடுத்தனர்; புனே இளைஞர் சிந்துவெளியையும் துர்க்கையையும் எடுத்தனர். எல்லை வகுத்துச் சினந்த கண்ணகியும், தன்னையே பணயம் வைத்த நெடுஞ்செழியனும், நடுகல்லாய் நின்ற பெயரறியா வீரரும் தக்க கைகளுக்காகக் காத்திருக்கின்றனர். அக்கைகள் இன்று கைபேசியைப் பற்றியுள்ள கைகளாகவே இருக்கலாம். ஆடுபவன் ஆக்குபவனாக மாறுவதற்குப் படிப்பு வேண்டும், கணிதம் வேண்டும், ஓவியம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வதற்கு ஒரு கதை வேண்டும். அக்கதை தமிழில் இருக்கிறது.

ஆகவே செயற்குழுவிற்கு எம் பரிந்துரை இதுவே. வாரத்தில் இரண்டு மாலைகள் படிப்பறையை இவ்விளையாட்டுகளுக்குத் தருக. வயது முத்திரையை மதித்து ஆட்டங்களைத் தேர்க. பணம் செலவாகும் எதுவும் அங்கே வேண்டா. ஒவ்வொரு மாலையும் மூத்தோர் இருவர் உடனிருக்க. காவலராக அன்று, காண்போராக. ஆட்டம் ஒன்பது மணிக்கு முடிக. முடிந்தபின் கால்மணி நேரம், கண்டதைப் பற்றித் தமிழில் பேசுக: யாருக்காகப் போர், எல்லை எது, வீழ்ந்தவனுக்காக அழுதவர் யார் என்னும் மூன்று கேள்விகள் போதும். அந்தக் கால்மணி நேரம் ஞாயிறு வகுப்பின் ஒரு பாடத்திற்கு ஈடாகும் என்று நம்புகிறோம்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கைபேசியை விடுவதில்லை என்று முறையிடும் கை, பெரும்பாலும் மற்றொரு கைபேசியைப் பற்றியிருக்கிறது. அதை ஒருபுறம் வைத்துவிட்டுப் பிள்ளையின் அருகே அமருங்கள். இளைஞர்க்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் தாத்தாவும் பாட்டியும் 'அது என்ன?' என்று கேட்டால், 'ஒங்களுக்குப் புரியாது' என்று சொல்லாதீர்கள். நமக்குப் புரிந்தது, இதோ, ஒரு மணி நேரம் பேசியும் விட்டோம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!